அட்டிக்கில் பனி புகுந்தால்: வென்ட்டை அடைப்பதா, மாற்றுவதா, காற்றின் வழியைத் திருத்துவதா?

காற்றோடு பனி கொட்டி ஓய்ந்த மறுநாள் அட்டிக்கின் (சீலிங்குக்கும் கூரைக்கும் இடையிலுள்ள வெளி) மூடியைத் தூக்கிப் பார்த்தால், வெப்பத்தைத் தடுக்கும் இன்சுலேஷன் அடுக்கின் மேல் வெள்ளைக் குவியல். பார்த்த கையோடு பலரும் வென்ட்டின் (காற்று போய்வரும் திறப்பின்) மேல் பிளாஸ்டிக் தாளை இழுத்து டேப் ஒட்டிவிடுகிறார்கள். பனி நின்றுவிடும். ஆனால் வீட்டுக்குள்ளிருந்து கசிந்து மேலே ஏறும் ஈரக்காற்று வெளியேற வழியில்லாமல் கூரைப் பலகையின் அடிப்பக்கத்தில் உறைபனியாகப் படியத் தொடங்கும். குளிர் நீடிக்கும்வரை அது கண்ணில் படாது. வெயில் ஏறும் முதல் நாளில் மொத்தமும் உருகிச் சொட்டும். உள்ளே வந்த பனியைவிட அந்த நீர் கூடுதல் சேதம் செய்யும். ஒரே இடத்தில் இல்லாமல் கூரை முழுக்க நனையும்.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் பனியை நிறுத்த வேண்டும், காற்றோட்டமும் நிற்கக் கூடாது. கீழே வரும் வழிகளையெல்லாம் இந்த இரண்டையும் வைத்துத்தான் எடைபோட்டிருக்கிறோம்.

முதலில், அது பனிதானா?

டார்ச்சோடு ஏறுங்கள். சீலிங் பலகை மேல் கால் வைக்காமல், குறுக்கு மரங்களின் மேல் ஒரு பிளைவுட் துண்டைப் போட்டு அதன் மேல் நில்லுங்கள். வெளியிலிருந்து வந்த பனிக்கு ஒரு வடிவம் இருக்கும். ஏதோ ஒரு வென்ட்டுக்கு நேர் கீழே அல்லது அதன் எதிரே, காற்று வீசிய திசையில் வால் நீண்ட குவியலாகக் கிடக்கும். விரலால் தொட்டால் மாவு போல உதிரும். சுற்றியுள்ள மரங்கள் காய்ந்தே இருக்கும்.

உறைபனி அப்படியில்லை. கூரை மேல் ஓடு போலப் பதிக்கும் ஷிங்கிளை அடித்த ஆணிகளின் நுனி ஒவ்வொன்றிலும் வெள்ளை மொட்டு போல உட்கார்ந்திருக்கும். கூரைப் பலகையில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும், சுரண்டினால் செதில் செதிலாக வரும். வென்ட்டுக்கு எட்டாத மூலையில் இருந்தால், அல்லது குளியலறைக்கும் அட்டிக் மூடிக்கும் மேலே அடர்த்தியாக இருந்தால், சந்தேகமே வேண்டாம். அது வீட்டுக்குள்ளிருந்து போன ஈரம். அதற்கு வென்ட் மாற்றுவது வீண் செலவு. குளியலறை விசிறியின் குழாய் கூரைக்கு வெளியே முடிகிறதா, அட்டிக்குள்ளேயே விட்டுவிட்டார்களா என்று பாருங்கள். அட்டிக் மூடிக்கு விளிம்பு ரப்பர் ஒட்டுங்கள். சீலிங்கில் வயரும் குழாயும் ஏறும் ஓட்டைகளை ஃபோம் கொண்டு அடையுங்கள். சூடான புகைப்போக்கியைச் சுற்றி மட்டும் சாதாரண ஃபோம் கூடாது, உலோகத் தகடும் வெப்பம் தாங்கும் சீலன்ட்டும்தான்.

இரண்டும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு. அப்போது உறைபனியின் வேலையை முதலில் முடியுங்கள். சீலிங் கசியாமல் இருந்தால்தான் மேலே உள்ள வென்ட்டைக் குறைக்கவோ திருத்தவோ உங்களுக்கு இடம் கிடைக்கும்.

பனி எப்படி உள்ளே வருகிறது

கனத்த ஈரப்பனி பெரும்பாலும் வென்ட்டுக்குள் நுழைவதில்லை. உள்ளே வருவது கடுங்குளிரில் விழும் உலர்ந்த பொடிப்பனி. காற்று அதைத் தரையிலும் கூரையிலும் உருட்டி உடைக்கும்போது, துகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு என்ற அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. வென்ட்டின் பின்னால் உள்ள கம்பிவலையின் கண் 3 மி.மீ. அல்லது 6 மி.மீ. இருக்கும். அணிலையும் பறவையையும் நிறுத்தும் வலை அது. பொடிப்பனிக்கு அது திறந்த கதவு. கொசுவலை போட்டாலும் துகள் நுழையும். போதாக்குறைக்கு உறைபனியும் தூசியும் ஏறி வலையே அடைத்துக்கொள்ளும். வலையை மாற்றி இதைத் தீர்க்க முடியாது.

துகளைச் சுமந்து வருவது காற்று. அட்டிக் காற்றோட்டத்தின் ஏற்பாடு எளிது. கூரை விளிம்பின் அடிப்பலகையான சாஃபிட்டில் உள்ள துளைகள் வழியே குளிர்காற்று உள்ளே வரும், முகட்டருகே உள்ள வென்ட் வழியே வெளியேறும். அப்படியானால் மேல் வென்ட்டில் பனி நுழைகிறது என்பதற்கு அர்த்தம் ஒன்றுதான்: வெளியேற்ற வேண்டிய வாய் காற்றை உள்ளே இழுக்கிறது. அதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும். வென்ட்டின் முகத்தில் காற்று நேராக அறைகிறது. அல்லது கீழே சாஃபிட் அடைபட்டிருப்பதால் அட்டிக் தனக்கு வேண்டிய காற்றை மேலிருந்தே எடுத்துக்கொள்கிறது. அல்லது மேலேயே இரண்டு வகை வென்ட் இருந்து, ஒன்று உள்ளே இழுக்க மற்றொன்று வெளியே விடுகிறது.

மின்விசிறி வென்ட் இருக்கும் கூரைகளில் இந்த மூன்றாவது காரணம் மிகக் கடுமையாக வெளிப்படும். விசிறி ஓடும்போது பக்கத்தில் இருக்கும் முகட்டு வென்ட் வழியேதான் காற்று எளிதாகக் கிடைக்கும், அதையே உறிஞ்சும். பனிக்காற்றில் அது ஓடினால் பனியைக் காசு கொடுத்து உள்ளே இழுப்பதற்குச் சமம். ஈரப்பதமானியால் இயங்கும் விசிறியானால் பனி பெய்யும் நாளிலேயே கிளம்பிவிடும். குளிர்காலத்தில் அதன் சுவிட்சை அணைத்துவிடுவது, ஒரு பைசா செலவில்லாமல் நீங்கள் இன்றே செய்யக்கூடியது.

எந்த வழியானாலும் சாஃபிட்டிலிருந்து தொடங்குங்கள்

இதை ஒரு தனி வழியாக வைத்து மற்றவற்றோடு ஒப்பிடுவதே சரியில்லை. சாஃபிட் அடைபட்டிருக்க, மேலே எவ்வளவு விலையுயர்ந்த வென்ட் வைத்தாலும் அது பனியை இழுக்கும்.

பகலில் அட்டிக் விளக்கை அணைத்துவிட்டுக் கூரையின் ஓரங்களைப் பாருங்கள். கைமரங்களுக்கு இடையே ஒவ்வொரு கண்ணிலும் கீழிருந்து கொஞ்சம் வெளிச்சம் தெரிய வேண்டும். தெரியாவிட்டால், ஊதிப் போட்ட இன்சுலேஷன் ஓரம்வரை போய் அடைத்திருக்கிறது. அதைக் கையால் இழுத்துவிட்டு, கைமரங்களுக்கு நடுவே கூரைப் பலகையோடு ஒட்டி அட்டை அல்லது பிளாஸ்டிக் பாஃபிளை (காற்றுக்கு வழிவிட்டு இன்சுலேஷனைத் தள்ளி நிறுத்தும் தகடு) ஸ்டேப்பிள் அடியுங்கள். குறைந்தது 25 மி.மீ. காற்றுவழி வேண்டும், 50 மி.மீ. கிடைத்தால் நல்லது. பாஃபிளின் மேல் நுனி இன்சுலேஷன் மட்டத்துக்கு 15 செ.மீ.யாவது மேலே நிற்கட்டும். கீழே, சுவரின் மேல் மரத்துக்கு நேராக, ஃபோம் துண்டு வைத்து அடைத்தால் காற்று இன்சுலேஷனுக்குள் புகாமல் பாஃபிள் வழியே மட்டும் ஏறும்.

அடிக்கடி கண்ணில் படாமல் போகும் ஒரு கோளாறு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் துளையிட்ட அழகான அலுமினியச் சாஃபிட். உள்ளே அதற்கு மேல் பழைய மரப்பலகை அப்படியே இருக்கும், ஒரு ஓட்டைகூட இல்லாமல். பழைய பலகையைக் கழற்றாமல் புதியதை அதன் மேலேயே அடித்துவிட்டுப் போன வேலை இது. ஒரு அலுமினியத் தகட்டைச் சறுக்கி எடுத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பலகையில் துளை ரம்பத்தால் வட்டத் துளைகள் போடலாம், அல்லது நீளவாக்கில் ஒரு பள்ளம் அறுத்து எடுக்கலாம். அறுக்கும்போது சுவரோரம் வேண்டாம், வெளி விளிம்பை ஒட்டி அறுங்கள். சுவரில் மோதும் காற்று சுவரோடு ஒட்டித்தான் பனியைத் தூக்கிக்கொண்டு ஏறும்.

அளவுக்கு ஒரு கணக்கு. வட அமெரிக்கக் கட்டட விதிகளில் பரவலாக இருப்பது 300க்கு 1: அட்டிக் தரைப்பரப்பு 300 பங்கு என்றால் நிகரத் திறப்பு (வலையும் பலகையும் மறைத்தது போகக் காற்று உண்மையில் புகும் பரப்பு) 1 பங்கு, அதை மேலும் கீழுமாக ஏறத்தாழப் பாதிப் பாதி பிரிக்க வேண்டும். அந்தச் சமநிலை அமையாவிட்டால் 150க்கு 1. 100 சதுர மீட்டர் அட்டிக்குக்கு 300க்கு 1 என்றால் சுமார் 3,330 சதுர செ.மீ.; மேலே 1,670, கீழே 1,670. கூரை 10 மீட்டர் நீளம், இருபுறமும் சாஃபிட் என்றால் மீட்டருக்கு 83 சதுர செ.மீ. நிகரத் திறப்பு இருந்தால் போதும்.

மேலே என்ன நடக்கிறது என்று பாருங்கள். பொதுவான முகட்டு வென்ட் ஒன்று அடிக்கு 18 சதுர அங்குலம் திறப்புத் தரும், அதாவது மீட்டருக்கு சுமார் 380 சதுர செ.மீ. நமக்கு வேண்டிய 1,670க்கு நாலரை மீட்டரே போதும். 10 மீட்டர் முகடு முழுக்கத் திறந்து வைத்துவிட்டு, சாஃபிட்டைப் பாதி அடைத்து வைத்திருக்கும் வீட்டில் மேல் வாய் கீழ் வாயைவிடப் பல மடங்கு பெரிதாகிவிடுகிறது. அப்போது முகட்டின் ஒரு பக்கம் இழுத்து மறுபக்கம் விடும். சந்தேகம் வந்தால் கீழ்ப்பக்கம் கூடுதலாக இருப்பதே பனிக்கு நல்லது.

முக்கோணச் சுவர் வென்ட்: மூடுவதா, பெட்டி கட்டுவதா?

பனி புகும் வழிகளில் முதல் இடம் இதற்குத்தான். கூரையின் இரு முனையிலும் உள்ள முக்கோணச் சுவரில், சாய்ந்த பலகைகள் அடுக்கிய ஜன்னல் போல இருக்கும். காற்றுக்கு நேர் எதிரே நிற்கும் வாய் இது ஒன்றுதான். மழைத்துளி கனமாக இருப்பதால் சாய்பலகையில் மோதி வெளியே வழிந்துவிடும். பொடிப்பனி காற்றோடு வளைந்து மேலே ஏறி உள்ளே போய்விடும்.

கூரையில் முகட்டு வென்ட்டும் நன்றாகத் திறந்த சாஃபிட்டும் இருந்தால், முக்கோணச் சுவர் வென்ட்டை நிரந்தரமாக மூடிவிடுங்கள். இதில் இரண்டு மனது வேண்டாம். அது திறந்திருப்பது பனியை மட்டும் கொண்டு வருவதில்லை. சாஃபிட்டிலிருந்து முகட்டுக்கு ஓட வேண்டிய காற்றோட்டத்தையும் குறுக்கே கெடுக்கிறது. வெளியே உள்ள சாய்பலகையைத் தொட வேண்டாம், பார்வைக்கு இருக்கட்டும். உள்ளிருந்து 12 மி.மீ. பிளைவுட்டை வெட்டி, சுற்றிலும் சீலன்ட் இழைத்து, 15 செ.மீ.க்கு ஒரு திருகாணி முடுக்குங்கள். சாய்பலகை வழியே வரும் மழைநீர் பிளைவுட்டில் பட்டு வழியும் என்பதை மறந்துவிடாதீர்கள். பிளைவுட்டின் வெளிமுகத்தில் சுவருக்குப் போடும் நீர்த்தடுப்புத் தாளை ஒட்டி, அடியில் வெளிநோக்கி மடித்த தகடு ஒன்றை வைத்தால் நீர் வெளியே போகும். இல்லையென்றால் இரண்டு மூன்று மழைக்காலத்தில் அடிமரம் உளுக்கும்.

முகட்டு வென்ட் இல்லாத பழைய கூரையில் மூட முடியாது, அந்த வாய் வேண்டும். அங்கே பெட்டி கட்டுவதுதான் நாங்கள் பரிந்துரைக்கும் வழி. தத்துவம் இது: அமைதியான காற்றில் பனித்திவலை நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் கீழே இறங்கும், உடைந்த துகள் அதைவிட மெதுவாக. காற்றின் வேகத்தைக் குறைத்து, திசையையும் மேல்நோக்கித் திருப்பிவிட்டால், பெரும்பாலான பனி தானே கீழே விழுந்துவிடும். வடிகட்ட வேண்டியதில்லை.

வென்ட் 40 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 சதுர செ.மீ.; சாய்பலகையும் வலையும் மறைத்தது போக நிகரத் திறப்பு பாதி, 1,200. சுவரின் உட்பக்கத்தில், வென்ட்டைச் சுற்றி 50 செ.மீ. அகலமும் 50 செ.மீ. ஆழமும் உள்ள பிளைவுட் பெட்டியைப் பொருத்துங்கள். பக்கங்கள் இரண்டும் எதிர்ப்பலகையும் மூடியிருக்கும், மேற்பக்கம் மட்டும் திறந்திருக்கும். பலகைகள் வென்ட்டின் மேல் விளிம்பைவிட 15 முதல் 20 செ.மீ. உயர வேண்டும். மேல் வாய் 2,500 சதுர செ.மீ. ஆகிறது, வென்ட்டில் நுழைந்த காற்று பாதி வேகத்தில்தான் அதைத் தாண்டும். கூரைச் சரிவு தடுத்து அந்த வாயை நெரிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடிப்பலகைதான் கவனமாகச் செய்ய வேண்டிய இடம். உள்முனை 5 செ.மீ. உயர்ந்து, வென்ட்டின் கீழ் விளிம்பை நோக்கிச் சரிய வேண்டும். அதன் மேல் தகடோ, ஒட்டும் நீர்த்தடுப்புப் படலமோ விரித்து, பக்கவாட்டில் 10 செ.மீ. மேலே ஏற்றி ஒட்டுங்கள். விழுந்த பனி அங்கேயே கிடந்து, உருகும்போது வெளியே வழிந்துவிடும். சரிவு இல்லாமல் தட்டையாகக் கட்டிய பெட்டி தண்ணீர்த் தொட்டியாகிவிடும்.

நுண்துளை ஃபோம், ஃபர்னஸ் ஃபில்டர் (வீட்டுச் சூடாக்கியில் தூசி பிடிக்கும் வடிகட்டி) போன்றவற்றை வென்ட்டின் பின்னால் நேரடியாக ஒட்டுவது மலிவு. ஒரு குளிர்காலத்தைக் கடத்த உதவும். ஆனால் அது பனியை நிறுத்தும் அளவுக்குக் காற்றையும் நிறுத்துகிறது, ஈரம் பட்டால் உறைந்து அட்டை போலாகிறது. ஃபில்டர் வைத்தே ஆக வேண்டுமென்றால் பெட்டியின் மேல் வாயில் படுக்கையாக வையுங்கள். அங்கே பரப்பு அதிகம், வேகம் குறைவு, பனியின் பெரும்பங்கு ஏற்கெனவே கீழே விழுந்திருக்கும். வருடம் ஒருமுறை எடுத்துத் தட்டிப் போடுங்கள்.

முகட்டு வென்ட்: எந்த வகை?

சந்தையில் இரண்டு வகை பிரதானம். சுருளாக வரும் நார்ப்பாய் வகையில், முகட்டில் விரித்து மேலே ஷிங்கிள் அடித்துவிடலாம். கூரையோடு ஒட்டித் தட்டையாக இருக்கும், அழகு. ஆனால் பொடிப்பனிப் பகுதிக்கு ஏற்றதல்ல. காற்று நேராக நாருக்குள் அழுத்தும், அதைத் திருப்ப ஒன்றுமில்லை. ஆணித் துப்பாக்கியால் அழுத்தி அடித்தால் நசுங்கித் திறப்பும் குறைந்துவிடும்.

மற்றது கெட்டிப் பிளாஸ்டிக் வகை, வெளிவிளிம்பு நெடுக நிமிர்ந்த தடுப்புடன். சரிவில் ஏறிவரும் காற்று அந்தத் தடுப்பில் மோதி மேலே எகிறிப் போகும். போகும்போது வென்ட்டின் வாயில் இழுவையையும் உண்டாக்கும். அதாவது பனியைச் சுமந்து வரும் காற்றே அட்டிக் காற்றை வெளியே இழுக்கிறது. உள்ளே மெல்லிய ஃபில்டர் படலமும் இருக்கும் மாதிரியை எடுங்கள். வெளித்தடுப்பு இல்லாத கெட்டிப் பிளாஸ்டிக்கும் விற்கிறார்கள், வாங்கும்போது கையில் எடுத்து விளிம்பைப் பாருங்கள்.

இவ்வளவு செய்தும் முகட்டில் பனி வந்தால் பொருத்தியதில் குறை இருக்கும். இரு முனைகளிலும் அடைப்புத் துண்டு வைத்தார்களா? முகட்டில் அறுத்த பள்ளம் முனைவரை ஓடுகிறதா? சுவரிலிருந்தும் புகைப்போக்கியிலிருந்தும் 15 முதல் 30 செ.மீ. தள்ளி அது நின்றிருக்க வேண்டும். பள்ளத்தின் அகலம் உற்பத்தியாளர் சொன்னதைவிட அதிகமா? ஆணி கூரைப் பலகைவரை இறங்கியிருக்கிறதா, இல்லை வென்ட் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறதா? 12க்கு 3 சரிவுக்கு (கிடையாக 12 பங்கு போக 3 பங்கு உயர்வது) குறைந்த கூரையில் முகட்டு வென்ட் வைக்கவே கூடாது. அங்கே காற்று தடுப்பில் ஏறாமல் நேராக உள்ளே போகும்.

முகடு பனியால் மூடிக் கிடந்தால் மேலே ஏறிச் சுரண்ட வேண்டாம். சீலிங் கசியாத வீட்டுக்குச் சில நாள் மூடியிருப்பதால் ஒன்றும் ஆகாது. விழுந்தால் கால் போகும்.

தட்டை வென்ட், சுழல் வென்ட், உயரக் கோபுரம்

கூரைச் சரிவில் ஆமை போல உட்கார்ந்திருக்கும் தட்டை வென்ட் ஒன்று சுமார் 50 சதுர அங்குலம், 320 சதுர செ.மீ. திறப்புத் தரும். நம் உதாரண வீட்டுக்கு ஐந்தாறு வேண்டும். தாழ்வாக இருப்பதால் பனிக்குள் புதையும், அதைச் சுற்றிச் சுழலும் காற்று பனியை உள்ளே ஊட்டும். சுழல் வென்ட்டின் குறை வேறு. சுற்றிக்கொண்டிருக்கும்வரை நன்றாக வெளியேற்றும். பேரிங் உறைந்தோ தேய்ந்தோ நின்றுவிட்டால் காற்றடிக்கும் பக்கத்துச் சிறகுகள் எல்லாம் திறந்த வாய்.

முகடு குட்டையாக உள்ள நாலுபக்கச் சரிவுக் கூரைக்கும், பனி ஆழமாகச் சேரும் கூரைக்கும் உயரமான கோபுர வென்ட்டே மேல். நான்கு பக்கமும் சாய்ந்த உலோகத் தகடுகள், வாய் பனி மட்டத்துக்கு மேலே, உள்ளே காற்று திரும்பி ஏறித்தான் இறங்க வேண்டும். ஒன்றே பல தட்டை வென்ட்டின் வேலையைச் செய்வதால் கூரையில் ஓட்டைகளும் குறையும். முகட்டுக்குச் சற்றுக் கீழே, வழக்கமான காற்றுக்கு மறுபுறச் சரிவில் வையுங்கள். பழைய ஓட்டைகளைப் பலகை வைத்து மூடி ஷிங்கிள் போட வேண்டும். ஒன்றையும் விட்டுவைக்காதீர்கள், விட்டால் அதுவே காற்று உள்ளே வரும் வாய்.

வென்ட்டே வேண்டாம் என்றால்

மாதக்கணக்கில் பொடிப்பனி பறக்கும் ஆர்க்டிக் சார்ந்த இடங்களில் எந்தத் தடுப்பும் முழுதாக நிற்காது. அங்கே அட்டிக்கை முற்றிலும் மூடி, கூரைப் பலகையின் அடியில் ஸ்ப்ரே ஃபோம் அடித்தோ, கூரை மேல் கெட்டி இன்சுலேஷன் பலகை அடுக்கியோ காற்றுப்புகாக் கூரை ஆக்குவது நியாயமான தேர்வு. பனிக்கு இதைவிட உறுதியான வழி இல்லை. ஆனால் செலவு மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும், அடித்த ஃபோமைத் திரும்ப எடுப்பது பெரும்பாடு. ஃபோமின் கனம் குறைந்தாலோ இடையில் இடைவெளி விட்டாலோ, அங்கே ஈரம் நின்று பலகை உள்ளுக்குள் அழுகும், வெளியே தெரியாது. தீத்தடுப்பு உறையும் வேண்டும். கைமரங்களுக்கு இடையே கண்ணாடிநாரைத் திணித்து வென்ட்டை மூடுவது இந்த முறை அல்ல. அதைச் செய்தே விடாதீர்கள்.

சாதாரணப் பனிப்பகுதியில், வருடத்துக்கு ஒரு புயலில் ஒரு முறம் பனி வருகிறது என்பதற்காக இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

இப்போது கிடக்கும் பனிக்கு

குளிர் விடுவதற்குள் அள்ளிவிடுங்கள். 2 சதுர மீட்டரில் 10 செ.மீ. உயரம், கன மீட்டருக்கு 150 கிலோ என்ற அடர்த்தியில் கிடந்தால், அது 30 லிட்டர் தண்ணீர். நேராகச் சீலிங்கில் இறங்கும். பிளாஸ்டிக் முறமும் வாளியும் போதும். மேலாக வாருங்கள், இன்சுலேஷனை அழுத்த வேண்டாம். கண்ணாடிநார் நனைந்தாலும் காய்ந்து ஓரளவு எழும்பும். காகிதநார் நனைந்தால் கட்டியாக இறங்கிவிடும், அந்த இடத்தில் எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள்.

திருத்த வேலை முடிந்தபின், சந்தேகப்படும் வென்ட்டுக்குக் கீழே கருநிறத் தார்ப்பாய் ஒன்றை, விளிம்புகளை மரத்துண்டு வைத்து உயர்த்தி, விரித்து வையுங்கள். புயல் கடந்த உடனே அதை எடுத்துவிட வேண்டும், நாள்கணக்கில் விட்டால் கீழிருந்து ஏறும் ஈரம் அதன் அடியில் சேரும். கருப்பில் வெள்ளை எங்கே, எவ்வளவு தூரம் தெறித்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். வென்ட்டின் அடியிலேயே மெல்லிய படலமாக இருந்தால் விட்டுவிடலாம். மீட்டர்கணக்கில் தள்ளி வால் நீண்டிருந்தால் காற்று இன்னும் அந்த வழியே வேகமாக உள்ளே வருகிறது. சாஃபிட்டை மறுபடி பாருங்கள்.